உத்தண்டு போட்ட கட்டு

ரோடும் ரெயிலும் நம்ம பக்கம் எட்டிப் பாக்காத காலத்துல, இதே ஓடைக்கரைப்பட்டியில உத்தண்டுன்னு ஒருத்தரு இருந்தாராம். எனக்குப் பாட்டனுக்குப் பாட்டன். எலும்பு முறிஞ்சா எட்டு ஊருலருந்தும் அவருகிட்டத்தான் வருவாக. தடவிப் பாத்து, இழுத்து நேராக்கி, உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் பூசி, மூங்கில் தப்பை வச்சு இறுக்கிக் கட்டுவாராம். கட்டுன கட்ட மூணு நாளைக்கு யாரும் தொடக்கூடாது. தொட்டா கோவம் வந்துரும். கோவம் எங்க வம்சத்துக்கே உண்டு, எனக்கும் உண்டு, அது கிடக்கட்டும்.

ஒரு நா ஆவுடைன்னு ஒரு பொம்பள தன் மகளைத் தூக்கிட்டு ஓடியாந்தாளாம். மக பேரு பூரணம், ஆறு வயசு. கொடுக்காப்புளி மரத்துலருந்து கைய ஊனி விழுந்து, வலது முழங்கை முறிஞ்சுபோச்சு. உத்தண்டு இழுத்து வச்சுக் கட்டுனாரு. இறுக்கித்தான் கட்டுனாரு. வீக்கம் இன்னும் ஏறும்னு அவரு நெனைக்கல.

மறுநா காலையில ஆவுடை வந்தா.

"மாமா, புள்ள கதறுறா. விரலெல்லாம் சில்லுன்னு இருக்கு, நீலம் பாரிச்சிருக்கு. கொஞ்சம் தளத்தி விடுங்க."

"எலும்பு கூடுறப்ப வலிக்கத்தான் செய்யும். மூணு நா பொறு."

சாயங்காலமும் வந்தா.

"மாமா, விரல நீட்டச் சொன்னா நீட்ட முடியலங்குறா."

"கட்டுனது நானா நீயா? போ."

போனா. என்ன செய்வா, பாவம். அவரு சொல்லுக்கு மறு சொல்லு கிடையாது.

மூணாம் நா புள்ள அழுகல. வலி விட்டுப்போச்சுன்னு ஆவுடை சந்தோசமா கூட்டியாந்தாளாம். கட்ட அவுத்தா, எலும்பு நேராத்தான் இருக்கு. கைதான் செத்துப்போச்சு. நாளாக நாளாக அஞ்சு விரலும் உள்ள மடங்கிச் சுருண்டுச்சு. பெறகு விரியவே இல்ல.

உத்தண்டு தன் பொண்டாட்டியக் கூப்பிட்டு, தன் கையில அதே கட்ட அதே இறுக்கத்துல கட்டச் சொன்னாராம். காலையில கட்டுனது, உச்சிப்பொழுது வரைக்கும் தாங்கல. பல்லால கடிச்சு அவுத்தாராம். "அரைப்பொழுது என்னால முடியலயே, அந்தப் புள்ள மூணு நா கிடந்துச்சே"ன்னு மண்ணுல உக்காந்து அழுதாராம்.

அதுலருந்து புள்ளைகளுக்குக் கட்டுனா விரல் நுனிய வெளிய விடுவாராம். நகத்த அமுக்கி விட்டா திரும்பச் செவக்குதான்னு பாக்கத் தாய்க்குச் சொல்லிக்குடுப்பாராம். கடைசியா ஒரு கத்தியும் அவ கையில குடுப்பாராம். "செவக்கலைன்னா கட்ட அறு. என்னையக் கேக்க வராத."

இருபது வருசம் போச்சு. பூரணத்துக்கும் ஒரு மக பொறந்து, அந்தப் புள்ள முழங்கையும் முறிஞ்சுச்சு. பூரணம் அவருகிட்டயே கொண்டாந்தா. கிழவரு அவளோட மடங்குன விரல்களப் பாத்தாரு.

"என்னைய நம்பியா வந்த, தாயி?"

"மத்தவுக எல்லாம் என் கைய மறந்துட்டாக தாத்தா. நீங்க மறக்கல. கட்டுங்க."

கட்டுனாரு. பழக்கத்துல கத்திய நீட்டுனாரு. அவளுக்கு வலது கைதான் விரியாதே, இடது கைய நீட்டுனா. அவரும் கத்திய இடது கைக்கு மாத்தி, அதாலயே குடுத்தாராம்.

எந்த ஊருலயும் இடக்கையால குடுக்கவும் மாட்டாக, வாங்கவும் மாட்டாக. இங்க மட்டும், ஆசுபத்திரியில மாவுக்கட்டுப் போட்டுப் புள்ளையக் கூட்டியாந்தாலும், வீட்டுல மூத்தவுக வாசல்ல வச்சு ஒரு கத்திய இடக்கையால நீட்டுவாக. தாய் இடக்கையால வாங்குவா. இப்ப அது அறுக்கிறதுக்கு இல்ல. புள்ள வலிக்குதுன்னு சொன்னா, யாரையும் கேக்காம ஆசுபத்திரிக்குத் திரும்பத் தூக்கிட்டு ஓடுறதுக்கு.