நீலக் கட்டம்

அன்று கூட்ட அறையில் இருந்தவர்கள்: அலுவலகத் தலைவர், தடுப்பூசி அதிகாரி, கணக்கைச் சரிபார்க்கும் அம்மா, நான். காபி கொண்டுவந்தவர் கதவருகே நின்று கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவரைச் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

காபி நன்றாகத்தான் இருந்தது. அந்த அலுவலகத்தைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் காபியைச் சொல்ல முடியாது.

எங்கள் வேலை உங்களுக்குப் புரிந்தால்தான் மற்றது புரியும். உலகத்தில் எங்கெங்கே எத்தனை மாடு, எத்தனை ஆடு என்று காட்டும் வரைபடம் தயாராகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு அலுவலகம் தன் பங்கைச் செய்து அனுப்ப வேண்டும். ஊர் ஊராகப் போய் எல்லா ஆட்டையும் எண்ண யாராலும் ஆகாது. ஒரு மாவட்டத்துக்கு இவ்வளவு என்று மொத்தம் மட்டும் எங்களுக்கு வரும். அந்த மொத்தத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போடுவது என் வேலை. புல் இருக்கும் கட்டத்துக்கு நிறைய, பாறைக்குக் கொஞ்சம், தண்ணீருக்கு ஒன்றுமில்லை. ஒரு கட்டத்தில் குறைத்தால் பக்கத்துக் கட்டத்தில் ஏறும். மொத்தம் மட்டும் மாறக் கூடாது.

நான் கால்நடை மருத்துவம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டவன். மிருகங்களைத் தொடுவது எனக்கு ஒத்துவரவில்லை. திரையில் புள்ளிகளாக இருந்தால் பிடிக்கும். புள்ளி கத்தாது, உதைக்காது, செத்தாலும் நாறாது.

என் தங்கை வாழ்க்கைப்பட்ட பள்ளத்தாக்கு எனக்கு ஆரம்பத்திலிருந்தே தொல்லை கொடுத்தது. அங்கே புல் குறைவு, ஆடு அதிகம். எந்தக் கணக்குக்கும் படியாது. அதை நிலம் என்று வைத்தால் சுற்றிலும் வண்ணம் சொறி பிடித்த தோல் மாதிரி திட்டுத் திட்டாக வந்தது. எங்களுக்கு வந்த செயற்கைக்கோள் படம் வெள்ளம் வந்த மாதத்தில் எடுத்தது. கணினி அந்தப் பள்ளத்தாக்கை ஏரி என்று காட்டி, சரியா என்று கேட்டது. நான் சரி என்றேன்.

கை தவறிவிட்டது என்று சொல்லலாம். உங்களிடம் எதற்கு? அவள் கல்யாணத்துக்கு நான் அங்கே போயிருக்கிறேன். ஏரி இல்லை என்று தெரியும். ஆனால் நீலம் விழுந்தவுடன் எல்லாம் அடங்கியது. அந்த ஆடுகள் பக்கத்துக் கட்டங்களில் சமமாகப் போய்ப் பரவின. ஒரு ஆடுகூடத் தொலையவில்லை, இடம்தான் மாறியது. தலைவர் பார்த்துவிட்டு, "உன் கை பட்ட இடத்துல ஒரு பிசிறு இல்லப்பா" என்றார். என்னை அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

உலக வரைபடத்தில் சேரும் முன்பே, எங்கள் நாட்டில் தடுப்பூசி மருந்து நாங்கள் போட்ட படத்தைப் பார்த்துத்தான் போகும். எந்தக் கட்டத்தில் எத்தனை ஆடோ அத்தனை மருந்து. அதை நான் யோசிக்காமல் இல்லை. பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இரண்டு மடங்கு போகும், அவர்கள் கொஞ்சம் கொடுக்க மாட்டார்களா என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. மிஞ்சியதைக் கீழே ஊற்றிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தங்கை முதலில் போன் செய்தபோது சிரித்துக்கொண்டுதான் பேசினாள்.

"அண்ணா, மருந்துக் கிடங்குல எங்க ஊரே ஏரிக்குள்ள இருக்குன்னு சொல்றாங்க. நாங்க என்ன மீனா? உன் மச்சான் வலை வாங்கக் கிளம்பிட்டார்."

"பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

"நீ அந்த ஆபீஸ்லதானே இருக்கே? ஒரு அழிரப்பர் வச்சு அழிக்கிறதுக்கு எத்தனை நாள்?"

அது அழிரப்பர் வேலை இல்லை என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? அங்கே ஆடுகளைத் திருப்பி வைத்தால் சுற்றியுள்ள எல்லாக் கட்டத்திலிருந்தும் பிடுங்க வேண்டும். திரும்பவும் அந்தச் சொறி. யார் ஏரி என்று ஒப்புக்கொண்டது என்ற கேள்வி வரும். பார்க்கிறேன், பார்க்கிறேன் என்று நாளைக் கடத்தினேன்.

வெள்ளம் வடிந்த சேற்றில் கொசு பெருகி, ஆடுகளுக்குக் காய்ச்சல் கண்டது. சினை ஆடுகள் நாள் ஆகுமுன்பே குட்டியை வீசின. பிறகு ஆட்டைத் தொட்ட மனிதர்களுக்கும் வந்தது. மச்சான் போய்ச் சேர்ந்ததை அவள் போனில் சொன்னாள். அன்று சிரிக்கவில்லை.

கூட்டத்தன்று காலையில் எல்லாருக்கும் முன்னால் அவள் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். கண் சிவந்து, உதடு வெடித்திருந்தது. கையில் ஒரு துணிப்பை. என் மேசையில் கவிழ்த்தாள். செத்த ஆடுகளின் காதிலிருந்து அறுத்தெடுத்த அடையாள வில்லைகள், மஞ்சள் பிளாஸ்டிக். சிலவற்றில் ரோமம் ஒட்டியிருந்தது.

"இதெல்லாம் ஏரியில நீந்தினதாண்ணா?" என்றாள்.

"உனக்குக் காய்ச்சலா?"

"எனக்கு இருக்கட்டும். அந்த ஊசி அதிகாரி இன்னைக்கு வர்றாங்கன்னு வாசல்ல சொன்னாங்க. நான் அஞ்சு நிமிஷம் பேசிட்டுப் போயிடறேன். பொண்ணு அங்க மிச்ச ஆட்டோட தனியா இருக்கா. அவளுக்கு வர்றதுக்குள்ள ஊசி வண்டி வந்தாப் போதும்."

நியாயமான கோரிக்கைதான். ஆனால் அன்றுதான் எங்கள் பங்கு கையெழுத்தாகி உலக வரைபடத்தில் சேரப் போகிறது. அதிகாரி வந்ததும் கூப்பிடுகிறேன், அதுவரை உட்கார் என்று சொல்லி, பழைய வரைபடச் சுருள்கள் வைக்கும் அறைக்குக் கூட்டிப்போனேன். நாற்காலி போட்டேன். விளக்கைப் போட்டேன். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. தாழ்ப்பாளும் பூட்டும் வெளியில் இருப்பது கட்டடம் கட்டியவர் செய்த வேலை. பையிலிருந்து விழுந்த அவளுடைய போன் என் மேசையில் வில்லைகளோடு கிடந்தது. எல்லாவற்றையும் இழுப்பறைக்குள் தள்ளினேன்.

கூட்டம் நல்லபடியாக நடந்தது. நடுவில் தடுப்பூசி அதிகாரி தலையைத் தூக்கி, "யாரோ தட்டுற மாதிரி இல்ல?" என்றார்.

"மாடியில பைப் வேலை மேடம்" என்றேன்.

"இந்தக் கட்டடத்துக்கு இருமல் இல்லாத நாளே இல்ல" என்றார் தலைவர். கணக்கு அம்மாகூடச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு அதிகாரி திரையில் நீலத்தைக் காட்டினார். "இவ்வளவு பெரிய ஏரியா? மீன் நல்லா கிடைக்குமோ?"

"கிடைக்கும் மேடம்."

கையெழுத்துப் போட்டார். கணக்கு அம்மா மொத்தத்தைச் சரிபார்த்தார். ஒன்றுகூடக் குறையவில்லை. அது வாரத்தின் கடைசி வேலைநாள். எல்லாரும் சீக்கிரம் கிளம்பினார்கள்.

விடுமுறை முடிந்து நீங்கள் அந்தக் கதவை உடைத்தபோது என்ன பார்த்தீர்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. காய்ச்சலால் செத்தாள் என்று உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார். நானும் அதைத்தான் சொல்கிறேன். அந்த நிலையில் இருப்பவரை ஊருக்குள் விடக் கூடாது. நான் படித்த கொஞ்சத்தில் அது ஒன்று நினைவிருக்கிறது.

அந்தக் கட்டத்தை இப்போதாவது மாற்றலாமா என்று கேட்டீர்கள். முடியாது. வரைபடம் போய்விட்டது. அவள் மகளைத் தேடி வண்டி அனுப்பியதாகவும், வழியில் ஏரி இருக்கிறதென்று அது பாதியில் திரும்பியதாகவும் சொன்னீர்கள். வண்டிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். கையில் கொடுத்த படத்தைத்தானே அவர் பார்க்க முடியும்.

கூட்டம் முடிந்த பிறகு அந்த அறைக்குப் போனேனா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். போனேன். எல்லாரும் கிளம்பிய பிறகு திறந்தேன். வரைபடச் சுருள்களைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்திருந்தாள். தட்டித் தட்டி விரல் முட்டி தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள், அதிகாரி என் பின்னால் வருகிறார் என்று நினைத்து.

"வந்துட்டாங்களாண்ணா?"

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன்.

ஆரம்பத்தில் நான் கொடுத்த பட்டியலில் அவளைச் சேர்க்கவில்லை என்று நீங்கள் குறித்துவைத்திருப்பீர்கள். கூட்ட அறையில் இருந்தவர்களைத்தானே கேட்டீர்கள். அவள் இருந்தது வேறு அறை.

கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை அவள் பக்கத்தில் வைத்தேன். அவள் என் சட்டை நுனியைப் பிடித்தாள், சின்ன வயதில் பிடிப்பாளே, அப்படி. மெதுவாகத்தான் விடுவித்தேன். விளக்கை அணைக்கவில்லை. வெளியே வந்து, கதவைச் சாத்திப் பூட்டினேன்.