பழகின மண்

பூனைக்கு மணல் பெட்டி பழக்குவது பெரிய கஷ்டம் என்று சொல்வார்கள். அப்படியொன்றும் இல்லை. மனிதன் நிதானமாக இருந்தால் பூனையும் நிதானத்துக்கு வந்துவிடும்.

நீங்கள் என்னிடம் கேட்டது பாத்ரூம் கழிவுக் குழாயில் அடைத்துக்கொண்டிருந்த மண்ணைப் பற்றி. அதற்குப் பதில் சொல்ல நான் பூனையிலிருந்துதான் தொடங்க வேண்டும். வாயால் சொல்லாமல் எழுதித் தர அனுமதித்ததற்கு நன்றி. குடிநீர் அலுவலகத்தில் புகார்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. எழுத்தில்தான் எனக்கு வார்த்தை ஒழுங்காக வரும்.

பூனை என் அப்பாவுடையது. அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கே போனாலும் பின்னாலேயே வருகிறது என்பதால் அதற்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்திருந்தார். பழைய வீட்டில் கழிப்பறை கொல்லைக் கோடியில் இருந்தது. கூரை கிடையாது, சுவர்கள் மட்டும்தான். அப்பா உள்ளே போவார்; கண்டக்டர் சுவரோரம் குழி பறிக்கும். இரண்டு பேரும் வேலை முடிந்து சேர்ந்து திரும்புவார்கள். அந்த வீடு இனி நிற்காது என்று ஆனபிறகு இருவரையும் என் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அக்கா கூட்டிப்போகவில்லை. இடமில்லை என்றாள். அவள் வீட்டில் நாய்க்குத் தனி அறை இருக்கிறது. இதைக் கோபத்தில் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

என் வீட்டுக் கழிப்பறை அப்பாவுக்கு ஒத்துவரவில்லை. "கதவைச் சாத்தினா வண்டி ஸ்டார்ட் ஆகமாட்டேங்குதுடா" என்று சிரித்தார். காலையில் தடியை எடுத்துக்கொண்டு, "ரைட், போலாம்" என்று பூனைக்குக் குரல் கொடுத்து, லிஃப்டில் இறங்கிவிடுவார். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு காலி மனை. அதில் பாதி இடிந்த சுவர் ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் கண்டக்டர். அலுவலகத்துக்குக் கிளம்பி லிஃப்டில் நிற்பவர்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், மறைக்காமல் சொல்லவும் செய்வார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தினார். சுற்றி ஆட்கள் இருந்தார்கள்.

"சார், பூனை பண்றதை விடுங்க. வாயில்லா ஜீவன். உங்கப்பாவுக்கு என்ன சார்? எங்க வீட்டு சமையலறை ஜன்னல்ல இருந்து பார்த்தா நேரா தெரியுது."

மேலே யாரோ சிரித்தார்கள். "ஆவன செய்கிறேன்" என்றேன். அந்த வார்த்தையை எத்தனையோ பேருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். வாயால் சொன்னது அன்றுதான். கையிலிருந்த வீட்டுச் சாவி உள்ளங்கையில் பதிந்து தோல் கிழிந்திருந்ததை அலுவலகம் போய்த்தான் கவனித்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். "அவன் எதுக்குடா காலங்காத்தால ஜன்னல்ல நிக்கிறான்?" என்றார். அதற்கும் சிரிப்பு.

சரி, முதலில் பூனை என்று முடிவு செய்தேன். பூனையைப் பழக்கிவிட்டால் துணையில்லாமல் இவர் எங்கே போவார்? விலங்கு மருத்துவர் ஒரு அம்மாள். மிகவும் பொறுமைசாலி. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"இப்போ அது போற இடத்து மண்ணைக் கொஞ்சம் கொண்டுவந்து பெட்டியில போடுங்க. பழகின மண்ணுன்னா நம்பிக்கை வரும். சின்ன ரூம்ல வெச்சுக் கதவைச் சாத்துங்க. சாப்பாடு இந்த மூலையில, பெட்டி அந்த மூலையில. திட்டாதீங்க. நல்லா பண்ணினா பாராட்டுங்க. கத்தும். கத்துறப்போ மட்டும் கதவைத் திறந்துடாதீங்க. திறந்தீங்கன்னா, கத்தினா கதவு திறக்கும்னுதான் கத்துக்கும்."

எவ்வளவு சரியான பேச்சு.

சாமான் அறையைக் காலி செய்தேன். காலி மனையிலிருந்து மண் கொண்டுவந்தேன். ஒவ்வொரு தடவை பெட்டியை மாற்றும்போதும் மண்ணைக் கொஞ்சம் குறைத்து மணலைக் கொஞ்சம் கூட்டினேன். கண்டக்டர் கத்தியது. அழுகிற குழந்தைபோலக் கத்தியது. நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்பாவால்தான் தாங்க முடியவில்லை. "அதுக்கு ஆகாயம் தெரியணும்டா. உன்னை அலமாரிக்குள்ள போய் இருந்துட்டு வான்னா போவியா?" என்று சாவி கேட்டு என் சட்டைப் பையில் கைவிட்டார். நான் கையை எடுத்துவிட்டேன். தள்ளவில்லை. எடுத்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் கத்தல் நின்றது. உள்ளே பிறாண்டும் சத்தம். திறந்து பார்த்தால், மணலைக் கிளறி, காரியத்தை முடித்து, அழகாக மூடி வைத்திருந்தது. என் கண் கலங்கியதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அது என் கையில் தலையை முட்டியது. அந்த வீட்டில் நான் சொன்னதை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்பா பெட்டியை எட்டிப் பார்த்தார். "நீயும் வேலையை விட்டுட்டியா, கண்டக்டர்?" என்றார். மறுநாள் காலை தனியாக இறங்கிப் போனார்.

செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "பூனை நிறுத்திருச்சு சார், ரொம்ப சந்தோஷம். பாக்கி?"

பாக்கி. அந்தச் சொல்லை அவர் எப்படி இழுத்தார் என்று எழுத்தில் காட்ட முடியாது.

அக்காவைக் கூப்பிட்டேன். "வயசானவர் அப்படித்தான் இருப்பார். நீ எதுக்கு இதைப் பெருசு பண்றே?" என்றாள்.

"அப்ப நீ வந்து கூட்டிட்டுப் போ."

"எனக்கு இங்க தலைக்கு மேல வேலை கிடக்குடா." வைத்துவிட்டாள்.

ஆக, எல்லோருக்கும் அப்பாவைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. அப்பா யாருக்கும் தேவைப்படவில்லை. என் கையில் ஒரு முறை இருந்தது. அது பலித்தும் இருந்தது. இதில் எந்த இடத்தில் தவறினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். பிடிபடவில்லை.

விடுமுறை நாள் ஒன்றில், அவர் எழுவதற்கு முன்னால், இடிந்த சுவருக்குப் பின்னாலிருந்து வாளியில் மண் அள்ளிவந்தேன். அவர் அறையோடு சேர்ந்த பாத்ரூமில், கழிப்பறைப் பீங்கானைச் சுற்றித் தரை முழுக்கச் சமமாகப் பரப்பினேன். கதவைச் சாத்தினால் ஆகாது என்றாரே, அதற்காக பாத்ரூம் கதவைக் கழற்றி வெளியே கொண்டுவந்து வைத்தேன். அவர் சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை என்று அக்கா சொன்னால், தயவுசெய்து இதை அவளிடம் சொல்லுங்கள். அறையின் மறுகோடியில் ரொட்டியும் தண்ணீரும் வைத்தேன். அறைக்கதவை வெளியே பூட்டினேன்.

எழுந்ததும் கதவை ஆட்டினார். "டேய், டிப்போ கேட்டைத் திறடா." இன்னும் விளையாட்டுதான். தடி ஊன்றும் சத்தம் பாத்ரூம் பக்கம் போனது. நின்றது.

"என்னடா இது, மண்ணு?"

கதவுக்கு இப்பாலிருந்து விளக்கினேன். குரலை உயர்த்தவில்லை. பழகின மண் என்றேன். அவசரமில்லை என்றேன்.

"நான் என்ன பூனையாடா?" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "உங்கப்பன்டா நான்!" தடியால் கதவை அடித்தார். தடி முறியும் வரை அடித்தார். "முயற்சி பண்ணுங்கப்பா, நல்லா வரும்" என்றேன். பாராட்ட வேண்டும் அல்லவா.

அதற்குப் பிறகு கெஞ்சினார். முதலில் "கண்ணா" என்றார். கடைசியில், "திறங்க சார். அவசரம் சார். தயவு பண்ணுங்க சார்" என்றார். கிண்டலாக இல்லை. புகார் எழுதுகிறவர்கள் என்னை அப்படித்தான் அழைப்பார்கள். அவர்களுக்கும் நான் நேரில் போய்க் கதவைத் திறப்பதில்லை.

தண்ணீரை வீசிக் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தம். கண்டக்டர் ஓடிவந்து அறைக்கதவைப் பிறாண்டியது. அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"விழுந்துட்டேன்டா" என்றார்.

தெளிவாகக் கேட்டது. சரியாகக் கேட்கவில்லை என்று முன்பு ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னேன், அதை மாற்றிக்கொள்கிறேன். அதையும் கத்தலாகத்தான் கணக்கில் எடுத்தேன். இன்னும் சில தடவை சொன்னார், ஒவ்வொரு தடவையும் மெதுவாக. பிறகு நின்றது. பழகிவிட்டார் என்று நினைத்தேன். உண்மையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

திறந்தபோது பாத்ரூம் தரையில் கிடந்தார். மண்ணைக் கழுவித் தள்ளத்தான் வாளித் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். அது சேறாகி வழுக்கிவிட்டது. பின்மண்டை பீங்கானில் மோதியிருந்தது. மண்ணில் ரத்தம் உடனே தெரியாது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் வந்தால் ஸ்ட்ரெச்சர் தூக்க ஆள் வருவார்கள். செயலாளர் கட்டாயம் வருவார். அந்தத் தரையை அவர் பார்த்திருந்தால் கட்டடம் முழுக்க என்ன பேச்சு பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் சேற்றை அள்ளி, மிச்சத்தைக் குழாயில் தள்ளி, தரையைக் கழுவி, துணியால் துடைத்தேன். பாத்ரூம் கதவை மறுபடி மாட்டித் திருகாணிகளை இறுக்கினேன். எல்லாம் முடித்து, கையைக் கழுவிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

நான் துடைத்து முடிக்கும் வரை அப்பாவுக்கு உயிர் இருந்தது. கண் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். துணி அவர் பக்கம் வந்தபோது, நான் துடைக்கத் தோதாகத் தன் காலைச் சற்று ஒதுக்கிக் கொடுத்தார். என்மேல் கோபம் இருந்திருந்தால் ஒதுக்கிக் கொடுத்திருப்பாரா?