கொல்லத்தில் மூன்று வருஷம்

செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டு நம் பக்கம் சேர்ந்த மறு வருஷம். தென்காசியில் ரயிலேறிய புதுமணத் தம்பதி எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். கொல்லத்துக்குக் கடல் பார்க்கப் போகிறார்களாம். மாப்பிள்ளை அங்கே ஓர் ஓட்டலில் மூன்று வருஷம் வேலை பார்த்தவர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. பறங்கியர் கட்டிய கோட்டை, தங்கசேரி கலங்கரை விளக்கம் என்று வழியெல்லாம் விளக்கிக்கொண்டே வந்தார்.

"அந்த வெளக்குக்கு எத்தன படி?" என்று கேட்டாள் மனைவி.

"நெறைய இருக்கும்."

"ஏறியிருக்கியளா?"

"கீழ நின்னு பாத்தேன்."

"கடல் அதுக்கு எந்தப் பக்கம்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அதற்குள் வண்டி மலைக்குகைக்குள் நுழைந்துவிட்டது. இருட்டில் அவர் குரல் மட்டும் கேட்டது.

"நான் கடலையே பாத்ததில்லட்டி. விடிஞ்சா மாவாட்டணும், வேல முடிஞ்சா அங்கனயே படுத்துருவேன். சொன்னதெல்லாம் சாப்பிட வந்தவுக பேசிக்கிட்டது. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு ஒங்கப்பா கேட்டாவ, பாத்திருக்கேன்னு சொல்லிட்டேன்."

வெளிச்சம் வந்தபோது அவள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சு, நானும் பாத்ததில்ல. அங்கன போயி வெளக்கம் ஒண்ணும் சொல்லாதிய. ரெண்டு பேருமாப் பாப்போம்."