பெட்டியக்காவின் புதன்கிழமை மேஜை

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அழகாகப் பேசி என் பாட்டைத் திண்டாட்டமாக்கிவிட்ட நண்பர்களே, வேலை நாளென்றும் பாராமல் ஷட்டரை இறக்கிவிட்டு வந்திருக்கும் பட்டறைக்காரர்களே, தொழிலாளத் தோழர்களே, முதல் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் அக்காவின் மகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இவனை எதற்குப் பேசக் கூப்பிட்டார்கள் என்று சிலர் காதைக் கடித்துக்கொள்வது தெரிகிறது. நியாயம்தான்! சங்கத்தின் முன்னாள் தலைவி, முப்பது வருடம் அட்டைப்பெட்டித் தொழிலில் கொடிகட்டிப் பறந்த நம் பெட்டியக்கா மறைந்து பதினாறு நாள் ஆகிறது. நான் யார்? அவர் பட்டறைக்கு நேர் எதிரே, அதே அட்டைப்பெட்டி செய்கிற போட்டிக்காரன். அவர் வாடிக்கையாளர்களை நான் இழுத்திருக்கிறேன், என் வாடிக்கையாளர்களை அவர் இழுத்திருக்கிறார். ஒளிக்க என்ன இருக்கிறது?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதினாறு நாளும் அக்காவின் பட்டறை பூட்டிக் கிடக்கிறது. அங்கே வேலை செய்யும் ஆறு பேரும் தினமும் காலையில் வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். மகள் அதை மூடிவிடப் போவதாகப் பேச்சு. நான் போன் செய்தால், "நான் பாத்துக்கறேன் சார், ஒண்ணும் பிரச்சனை இல்ல" என்று வைத்துவிடுகிறார். நேற்று அக்காவின் பழைய வாடிக்கையாளர் இருவர் என் வாசலுக்கே வந்துவிட்டார்கள். போட்டிக்காரனுக்கு இதைவிட நல்ல காலம் வருமா? ஆனால் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

சொந்தத் தொழில் செய்கிறவனின் தனிமை உங்களுக்குத் தெரியாதா? பயத்தை வீட்டில் காட்ட முடியாது, மனைவி கவலையில் துரும்பாகிவிடுவாள். ஆட்களிடம் காட்ட முடியாது, அவர்கள் வேறு வேலை தேடக் கிளம்பிவிடுவார்கள். வாடிக்கையாளரிடமா? கேட்கவே வேண்டாம்! நாள் முழுக்க நாற்பது பேரிடம் பேசுகிறோம், ஒருவரிடமும் உண்மையைச் சொல்வதில்லை. "எப்படிப் போகுது?" "சூப்பரா போகுது!" இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தாடை வலித்த காலம் உண்டு.

பதினாலு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். எட்டாயிரம் பெட்டி. பெரிய ஆர்டர். அட்டைக்குள்ளே ஓடும் நெளிவு நிமிர்ந்து நின்றால்தான் பெட்டி மேல் பெட்டி அடுக்கினால் தாங்கும், இது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. நான் என்ன செய்தேன்? அட்டையைத் திருப்பி வைத்து, நெளிவு படுத்தவாக்கில் எட்டாயிரத்தையும் வெட்டித் தள்ளிவிட்டேன்! பக்கத்தில் நின்று பார்த்தவன் எவனும் வாய் திறக்கவில்லை. திறந்தால் நான் கடித்துக் குதறுவேன் என்று பயம். அப்படி ஒரு முதலாளி நான். ஆட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, அந்தக் குவியலுக்கு நடுவே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். தொழிலும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று முடிவே எடுத்துவிட்டேன்.

அப்போது எதிர்ப்பட்டறையிலிருந்து வந்தது யார்? பெட்டியக்கா! எட்டு வருடமாக முறைப்பதைத் தவிர வேறு பழக்கம் இல்லாத பெட்டியக்கா! ஒரு பெட்டியை எடுத்தார், உள்ளங்கையால் அழுத்தினார். பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. என் மானமும் கூடவே உட்கார்ந்துவிட்டது.

"படுத்துடுச்சா தம்பி?" என்றார். "எனக்கும் ரெண்டு தடவை ஆகியிருக்கு. முதல் தடவை வெட்டினவனைத் திட்டித் தீர்த்தேன். ரெண்டாவது தடவை வெட்டினது நானே. யாரைத் திட்ட?"

நான் சிரித்துவிட்டேன். அப்புறம், சொல்ல வெட்கமில்லை, அழுதுவிட்டேன். அக்கா "மூஞ்சியக் கழுவிட்டு வா" என்று என்னை இழுத்துக்கொண்டு போய், நாலு ஷெட் தள்ளி இருக்கும் சோப்புக்காரம்மாவிடம் நிறுத்தினார். அவருக்கு அடுக்கி வைக்கத் தேவையில்லாத சின்னப் பெட்டிகள்தான் வேண்டும். என் அட்டையைத் திரும்ப வெட்டினால் அதற்கு அளவு சரி! எட்டு வருடமாக ஒரே வீதியில் இருந்தும் அந்தம்மா என்ன செய்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. நானெல்லாம் என்ன வியாபாரி!

"புதன்கிழமை ஒரு மணிக்குச் சாப்பாட்டை எடுத்துக்கிட்டு என் இடத்துக்கு வந்துடு" என்றார் அக்கா. அட்டை வெட்டும் மேஜையைத் துடைத்துவிட்டு, அதைச் சுற்றி இந்த வீதி முதலாளிகள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒரே ஒரு சட்டம். டப்பாவைத் திறக்கும் முன்னால், அந்த வாரம் தான் சொதப்பிய ஒன்றைச் சொல்ல வேண்டும். பெருமையடிக்க வந்தவனுக்கு அங்கே இடமில்லை. லேத் பட்டறை அண்ணன் ஒருமுறை, "இந்த வாரம் நான் ஒண்ணுமே சொதப்பலையே" என்றார். "சரி, அடுத்த ரவுண்டுல சொல்லு" என்று அக்கா கடைசி வரை அவர் டப்பாவைத் திறக்க விடவில்லையே! அண்ணனே சிரிக்கிறார் பாருங்கள்.

மாடியில் தனியாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தொழில் செய்கிற தம்பி முதல் நாள் வந்தபோது அவருக்குக் குரலே எழும்பவில்லை. "ஒம்பது நாளா நான் யார்கூடயும் வாய் திறந்து பேசலக்கா" என்றார். அவரைக் கவனித்தது யார்? பெட்டியக்கா! மாடிப்படி ஏறிப் போய்க் கதவைத் தட்டியது யார்? பெட்டியக்கா! முழங்கால் வலியோடு, ஒவ்வொரு படிக்கும் அந்தத் தம்பியைத் திட்டிக்கொண்டே ஏறியதும் அவர்தான்.

அவரை மகானாக்கிவிடாதீர்கள். கோபம் மூக்குக்கு மேல் வரும். பசை காய்ச்சும் பக்குவத்தைக் கடைசிவரை எனக்குச் சொல்லவே இல்லை, கல்லுளிமங்கி! ஆனால் ஒரு புதன்கிழமை நான் கேட்டேன், இதெல்லாம் எதற்கு அக்கா ஆரம்பித்தீர்கள் என்று. "முதல் பெரிய ஆர்டர் கிடைச்ச அன்னைக்கு, அதைச் சொல்ல எனக்கு ஒரு ஆள் இல்லடா. வீட்டுக்காரர் போயி ஒரு வருசம். பொண்ணு கைக்குழந்தை. மிஷின் பக்கத்துல போய் நின்னு மிஷின்கிட்ட சொன்னேன். சொல்லிட்டு எனக்கே பயமாயிடுச்சு" என்றார். கஷ்டத்தில் தனியாக இருப்பது கொடுமை, ஐயா. சந்தோஷத்தில் தனியாக இருப்பது அதைவிடக் கொடுமை. அது தனக்கு நேர்ந்ததால்தான் நமக்கு நேரக்கூடாது என்று நின்றார் அந்தப் புண்ணியவதி.

அம்மா, இப்போது உன்னிடம் பேசுகிறேன். "நான் பாத்துக்கறேன் சார்" என்கிறாயே, அதே வார்த்தையை நானும் எட்டு வருடம் சொன்னேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். பட்டறையை நடத்து என்று சொல்ல நான் வரவில்லை. மூடுவதானாலும் மூடு, அது உன் உரிமை. ஆனால் தனியாக உட்கார்ந்து முடிவெடுக்காதே. அவ்வளவுதான் நான் கேட்பது.

என்னம்மா? எழுந்துட்டியா? சத்தமா சொல்லு, இந்தக் கிழவனுக்குக் காது மந்தம். யாராவது அந்த மைக்கை அங்கே கொடுங்கள். வேண்டாமா? சரி, அப்படியே சொல்லு.

அவையோரே, பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். "முந்தாநேத்து நான் மட்டும் உள்ள போய் மிஷினைப் போட்டேன். ஓட மாட்டேங்குது. அம்மா எப்படி ஓட்டுவாங்கன்னு எனக்குத் தெரியல. நாளைக்குக் காலையில வந்து பாக்கறீங்களா மாமா?" என்று கேட்கிறார்.

எனக்குத் தெரிந்த நாளிலிருந்து இந்தப் பொண்ணு என்னை சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறது.

அக்காவின் பணியைத் தொடர்வோம் என்று இரண்டு பக்கத்துக்கு உறுதிமொழி எழுதிக்கொண்டு வந்தேன். மடித்துப் பையில் வைத்துவிடுகிறேன். உதவி கேட்கிற ஒரு வார்த்தையை என் வாயிலிருந்து வாங்கப் பெட்டியக்கா பல வருடம் மல்லுக்கட்டினார். அவர் மகள் பதினாறே நாளில், இத்தனை பேர் முன்னால், போட்டிக்காரனிடமே கேட்டுவிட்டாள்!

எட்டு மணிக்கு வந்துடறேம்மா. லேத் அண்ணே, நீங்களும் ஸ்பானர் எடுத்துக்கிட்டு வந்துடுங்க.