நட்சத்திரம் ஒட்டிய டிஸ்க்

ஹார்ட் டிஸ்க் சொல்லிவிட்டுச் சாகாது. அதனால் முக்கியமான எதையும் இரண்டு டிஸ்க்கில் வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும். ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். இதை என் மனைவிக்கு விளக்கியதே நான்தான்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பழைய டிஸ்க் முழுக்க அவளுடைய முதல் கணவர் இருந்தார். செத்துப்போன மனிதர். அவர் சிரிக்கிற, பாடுகிற, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற வீடியோக்கள். வேறெங்கும் பிரதி கிடையாது. சாப்பாடு முடிந்ததும் அம்மாவும் மகளும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். நான் பாத்திரம் கழுவுவேன்.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்க என்ன இருக்கிறது? காய்ச்சலில் குழந்தை எடுத்த வாந்தியைத் துடைத்தவன் நான். தலை பின்னிவிடுவது நான், வாய்ப்பாடு சொல்லித்தருவது நான். எனக்குப் பெயர் மாமா. திரையில் பல்லைக் காட்டுகிறவர் அப்பா. அவருக்கென்ன, பல் தேய்க்கச் சொல்லி ஒரு நாளாவது கத்தியிருப்பாரா? கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்று பொறுத்துப் பார்த்தேன். கல் கரையவில்லை, நான்தான் கரைந்தேன்.

பழைய டிஸ்க் முனக ஆரம்பித்ததும் புதிது ஒன்று வாங்கி வந்தேன். பழையதைக் கழற்றி மேஜையில் வைத்தால் இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். மாறிப்போகக் கூடாதென்று குழந்தை பழையதில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டினாள்.

"இனிமே அப்பா ரெண்டு எடத்துல இருப்பாரா மாமா?"

"ஆமாம்மா. போய்க் கை கழுவிட்டு வா."

அவள் வருவதற்குள் நட்சத்திரத்தை உரித்துப் புதியதில் ஒட்டி, இரண்டையும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மாட்டினேன். எதிலிருந்து எதற்கு நகல் என்று கம்ப்யூட்டர் கேட்டது. புதியதிலிருந்து பழையதற்கு என்றேன். பழையதில் இருப்பது அழிந்துவிடும், சம்மதமா என்று மறுபடியும் கேட்டது. மரியாதை தெரிந்த மெஷின். சம்மதம் என்றேன். வெறும் டிஸ்க்கின் வெறுமை அவர்மேல் ஏற ஆரம்பித்தது. குழந்தை என் மடியில் உட்கார்ந்து பார்த்தாள். பச்சைக் கோடு நிறைந்ததும் கைதட்டினாள்.

பழைய டிஸ்க் பாதியில் செத்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அழுதாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பிறகு குழந்தையைத் தனியாகக் கூப்பிட்டு, நட்சத்திரம் இருந்த புது டிஸ்க்கைக் கழற்றிக் காட்டினேன்.

"நட்சத்திரம் இருக்கறதுலேருந்துதான் எடுத்தேன். நீ புதுசுல ஒட்டிட்டியேம்மா."

அவள் அழவில்லை. ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா."

இன்றுவரை சொல்லவில்லை. இப்போது பள்ளிக்கூடம் விட்டதும் நேரே என்னிடம்தான் வருகிறாள். அம்மாவோடு அதிகம் பேசுவதில்லை. எதற்கும் என் முகத்தைத்தான் பார்க்கிறாள். பிள்ளை செய்த தப்பை வெளியே விடாமல் காப்பவன்தானே தகப்பன்? அந்த மனிதர் இவ்வளவு செய்திருப்பாரா, சொல்லுங்கள்.