கரைக்கு அந்தப் பக்கம்

— கட்டில் மேல ஏறி உக்காந்துட்டா தண்ணி விட்ருமாப்பா? எழுந்து வா. ஆட்டோ மெயின் ரோட்டுல நிக்குது.

— அனுப்பிச்சுடு விஜயா. நான் வரல.

— முழங்கால் வரைக்கும் வந்துடுச்சு. இன்னும் வீம்பு.

— வந்த தண்ணி போவும். மீசை மொளைக்கறதுக்கு முன்னாடி தோல் மண்டிக்குப் போனவன் இந்த முனிரத்தினம். தோல் மேல தூவுன உப்பு வேர்த்தா மழைன்னு மொதலாளிக்கே சொன்னவன். டிவிக்காரன் சொல்லியா எனக்குத் தெரியணும்?

— அப்ப நேத்து உப்பு வேர்க்கலையா?

— வேர்த்துது. தை மாசத்துலேர்ந்து வேர்த்துக்கினேதான் இருக்குது. கோடையிலயும் நசநசன்னு. உப்புக்கே புத்தி கெட்டுப் போச்சு, நான் எதைன்னு நம்பறது?

— அதத்தான்பா ஷூ கம்பெனியில பேசிக்கறோம். கடலு சூடாயிடுச்சாம். ஈரத்த அள்ளி அள்ளி இந்தப் பக்கம் அனுப்புதாம். நம்ம ஊரும் ஷெட்டும் சிமெண்டுமா, ராத்திரிகூட ஆறாம அடுப்பு மாரி கெடக்குது. வர்ற மேகம் ஒரே எடத்துல கொட்டிடுதாம்.

— கடலு இருக்கறது மெட்ராஸ்ல. அது சுட்டா ஆம்பூர்க்காரனுக்கு இன்னா?

— அங்க கரை ஏறுன புயலு இங்க வந்துதான் படுத்துக்கிச்சு. நீ கேள்வி கேட்டுக்கினு இரு.

— கேப்பேன். ஸ்கூலுக்கு வாங்க, சாப்பாடு போடறோம்னு காலைல தாலுக்கா ஆபீஸ்காரன் மைக்ல கத்துனான். ஏரிக்குள்ள கட்டுன வீடுன்னு கதவுல நோட்டீஸ் ஒட்டுனவனும் அவன்தான். நாங்க அங்க குந்தி துன்னுக்கினு இருப்போம், இங்க புல்டோசர் வரும். எனக்குத் தெரியாதா அவன் பாசம்?

— ஸ்கூல் வேணாம். என் வீட்டுக்கு வா. கரைக்கு அந்தப் பக்கம் பள்ளம்தான், ஆனா ஒரு சொட்டு வரல. ஏரிக்கரை கோட்டை மாரி நிக்குது.

— நிக்கும், நிக்கும்.

— இன்னாப்பா இழுக்கற?

— ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்ச நேரம். தண்ணி எறங்கிடும்.

— எப்பிடி எறங்கும்? ஏரி ரொம்பினா வெளிய போற வாய்க்கால் மேல கல்யாண மண்டபம் கட்டி வெச்சிருக்கான். வழி எங்க?

— வழி இல்லன்னா பண்ணிக்கணும். அது கெடக்கட்டும், நீ ஷிப்ட்டுக்குப் போவல?

— மழைன்னு கம்பெனி லீவு விட்டுட்டான்.

— உனக்கா?

— எல்லாருக்கும்தான். எங்க தெரு பூரா இன்னிக்கு வீட்டுலதான் போத்திக்கினு கெடக்குது.

— எப்பவும் பகல்ல பூட்டுதானே தொங்கும் அங்க? பண்டிகைக்கே லீவு குடுக்கமாட்டான் அந்த ஆளு!

— இன்னிக்குக் குடுத்துட்டான். உனக்கேன் பேஜாரு?

— பாப்பா ஒடுகத்தூர்லதானே இருக்குது? உன் மாமியாரு கிட்ட?

— அங்க மலைத் தண்ணி எறங்குதுன்னு பயந்து ரெண்டு பேரையும் நேத்தே இட்டாந்துட்டேன். பாப்பா வீட்டுல தூங்குது. ஏம்பா... ஐயோ, பாத்து! எதுக்கு இப்பிடி தண்ணியில குதிக்கற?

— போனை எடு. சத்தாருக்குப் போடு.

— பக்கத்து வீட்டு சத்தார் பாயா? இவ்ளோ நேரம் கெஞ்சறேன், இப்ப அவரு எதுக்கு?

— போடுன்றன்ல!

— இரு... ரிங்கு போவுது. எடுக்கல.

— திரும்பப் போடு. எடுக்கற வரைக்கும் போடு. எங்க தெரு ஆம்பளைங்க அத்தினி பேரும் கடப்பாரையோட கரைய வெட்டப் போயிருக்கானுங்க விஜயா. ஷூ கம்பெனி ஜனம் இருக்கற தெரு, பகல்ல ஒருத்தரும் இருக்கமாட்டாங்க, அதுக்கு நேரா வெட்டுங்கடான்னு எடம் காட்டுனவன் நான்தான்.