பித்தளைச் செம்மலின் சுடாத துப்பாக்கி

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் டாக்டர் எழிலரசி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் செம்மலின் துணைவியார் வசந்தாமணி அக்கா அவர்களே, ஃப்ரீவே நெரிசலைத் தாண்டி சுகர் லேண்ட் வந்து சேர்ந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே! நான் கதிர், நம் ஊர்த் தமிழர் துப்பாக்கி வட்டத்தின் செயலாளர். வட்டம் என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். போன மாதம்வரை நால்வர், இப்போது மூவர்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பித்தளைச் செம்மல் கோபாலசாமி அவர்கள் தூக்கத்தில், மாரடைப்பில் இறந்தார். துப்பாக்கி வெடித்தா என்று வாட்ஸ்அப்பில் கேட்டவர்களே, இல்லை! அது ஒருமுறையாவது வெடிக்காதா என்பதுதானே அந்த மனிதரின் ஏக்கம்! கடைசிவரை அது வெடிக்கவே இல்லை.

என்ன துப்பாக்கி அது? மற்றவர்கள் கடைக்குப் போவார்கள், துப்பாக்கியும் தோட்டாவும் வாங்குவார்கள், சுடுவார்கள். நம் செம்மல் அப்படிச் செய்வாரா? எந்தக் கம்பெனியும் இப்போது தோட்டா செய்யாத ஒரு பழைய ரகத்தைத் தேடிப் பிடித்தார். குழல் ஓரிடத்தில், கட்டை ஓரிடத்தில் என்று சொல்லிச் செய்து, துப்பாக்கியைக் கட்டி முடித்தார். முடித்த பிறகுதான், தோட்டாவுக்கு எங்கே போவது என்று யோசித்தார்!

அதற்காகச் சோர்ந்தாரா? வேறு துப்பாக்கிகள் சுட்டு உதிர்த்த காலிப் பித்தளைத் தோட்டாக் கூடுகளை எடுத்து, கழுத்தைச் சூடுகாட்டி இளக்கி, அச்சில் கொடுத்து நெருக்கி, நீளம் வெட்டித் தன் துப்பாக்கிக்கு ஏற்றதாக மாற்றினார். சுட்டுப் பழகும் ரேஞ்சில் தொப்பி போட்ட டெக்ஸஸ்காரர்கள் நிமிர்ந்து நின்று சுடுவார்கள். இவர் பின்னால் குனிந்து, அவர்கள் உதிர்த்த பித்தளையைப் பொறுக்குவார். அதைத் துலக்க எதைப் போட்டார் தெரியுமா? புளி! அவர் கராஜில் சுற்றிய துலக்கும் டிரம்மின் புகழ் பரவி, கார்த்திகைக்கு முந்தின வாரம் ஆன்ட்டிகள் எல்லாரும் விளக்கோடு வந்து வரிசையில் நின்றீர்களே, மறுத்தாரா? ஓர் ஆன்ட்டியின் குத்துவிளக்குத் தண்டுக்குள் ஒரு கூடு போய் மாட்டிக்கொண்டது. அதைத் திரும்ப வாங்க, அவர்கள் வீட்டுப் பூஜை முடியும்வரை வாசலிலேயே நின்ற மகான் அவர்!

ஆனால் பாதுகாப்பு என்று வந்துவிட்டால் மனிதர் படு கறார். “ஒருத்தர் லோடு பண்ணுனத இன்னொருத்தர் சுடக் கூடாதுங்க. கூடப்பொறந்தவனா இருந்தாலும் சரிங்க” என்பார். லோடு பண்ணும்போது கூட்டுக்குள் அடைக்கும் வெடிமருந்தின் அளவு பிசகினால் ஆளையே கொண்டுபோய்விடும் அல்லவா? சரி, நீங்கள் லோடு பண்ணியதை நீங்களாவது எப்போது சுடப்போகிறீர்கள் என்று கேட்டால், கழுத்து கோணல் என்பார். நீளம் இன்னொரு தடவை பார்க்கணும் என்பார். இரண்டு வருடம் இப்படியே ஓட்டினார்.

போன ஞாயிறு நாங்கள் மூவரும் அவர் வீட்டுக்குப் போனோம். அவருடைய விதிப்படி அந்தத் தோட்டாக்களை இனி யாரும் சுட முடியாது. ஆகவே அவற்றைப் பிரித்து, மருந்தை அப்புறப்படுத்திவிட்டு, துப்பாக்கியைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்று முடிவு. அக்கா காபி கொண்டுவந்தார். நாங்கள் கையில் வைத்திருந்த தோட்டாப் பெட்டியைப் பார்த்தார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“தம்பி, இதப் பிரிக்க வேண்டாமுங்க. இது நான் லோடு பண்ணுனதுங்க.”

பிறகுதான் அக்கா உண்மையைச் சொன்னார். நம் செம்மலுக்கு இரண்டு கண்ணிலும் புரை! தராசின் எண் தெரியவில்லை. குறி எங்கே தெரியப்போகிறது? துப்பாக்கிக்கு அஞ்சாத சிங்கம், கண் ஆபரேஷன் என்றதும் போர்வைக்குள் புகுந்துகொண்டதாம். எங்களுக்குத் தெரிந்தால் ரேஞ்சுக்குள் விடமாட்டோம் என்று பயந்து, மூச்சுக் காட்டவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அளந்தது அக்கா, அடைத்தது அக்கா, கூட்டில் குண்டைப் பொருத்தும் பிரஸ்ஸின் கைப்பிடியை அழுத்தியதும் அக்கா. கராஜில் அக்கா போடும் சத்தத்தைக் கேட்டு, பாவம், மனுஷன் திட்டு வாங்குகிறார் என்று எத்தனை நாள் வாசலோடு திரும்பியிருக்கிறோம்! அது திட்டில்லை ஐயா, தராசு எண்ணை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டியது!

ஒருவழியாக அக்கா அவரைச் சம்மதிக்கவைத்து, ஆபரேஷனுக்குத் தேதியும் வாங்கிவிட்டார். அந்தத் தேதி இந்த வாரம்தான். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்போமே! கோபமாக வருகிறது எனக்கு. அவரை உட்காரவைத்துத் திட்ட வேண்டும்போல் இருக்கிறது.

அக்கா பெட்டியைத் திருப்பித் தரவில்லை. “எனக்குச் சுட மட்டுந்தான் தெரியாதுங்க. அத நீங்க சொல்லிக் குடுங்க” என்றார்.

சொல்லிக் கொடுக்காமல் இருப்போமா? செம்மலுக்குத் துப்பாக்கிக் குழல் செய்துகொடுத்தவரிடம் தோட்டாக்களைக் காட்டினோம். எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, ஒன்றுகூடப் பிசகில்லை, யார் செய்தது என்று கேட்டார். மூன்று பேரும் அக்காவைக் காட்டினோம்.

அன்புள்ளவர்களே! பித்தளைச் செம்மலின் பணியைத் தொடர்வோம் என்று இந்த அவையில் உறுதி கூறுகிறேன். அவர் விதிப்படி, இந்த உலகத்தில் அந்தத் தோட்டாக்களைச் சுட உரிமை உள்ளவர் ஒரே ஒருவர்தான். சனிக்கிழமை காலை ரேஞ்சில் அவர் சுடுகிறார். எல்லாரும் வாருங்கள், காது மூடியோடு வாருங்கள், சுடும் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். அந்தச் சத்தம் கேட்கும்வரை யாரும் அழக் கூடாது என்று அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறார். நானே அதை மீறிவிடுவேன் போலிருக்கிறது, உட்கார்ந்துகொள்கிறேன்.